கலாகா: மெக்சிகோவின் காகித எலும்புக்கூட்டுப் பொம்மையை வீட்டிலேயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

கிதார் வாசிக்கும் எலும்புக்கூடு. ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்தபடி சைக்கிள் மிதிக்கும் எலும்புக்கூடு. மண்டி போட்டு, அம்மி போன்ற கல்லில் மக்காச்சோளம் அரைக்கும் எலும்புக்கூடு. பல் பிடுங்கும் டாக்டர் ஓர் எலும்புக்கூடு, அவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளியும் எலும்புக்கூடு. இறந்தவர்களை நினைவுகூரும் இறந்தோர் நாள் நெருங்கும் அக்டோபர் கடைசியில் மெக்சிகோவின் சந்தைகளில் இப்படி ஓர் ஊரே எலும்பாக உட்கார்ந்திருக்கும். பேச்சுவழக்கில் இவற்றைக் கலாகா என்பார்கள். கலாவெரா என்றால் மண்டையோடு. ஆனால் முழு உருவத்தையும் அந்தப் பெயரால் அழைப்பது உண்டு.

இதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் உடற்கூறு படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, விலா எலும்பு எத்தனை, முழங்கை எங்கே மடங்கும் என்று ஆரம்பிக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். எலும்பெல்லாம் சரியாக வந்தது, கலாகா வரவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் தொங்குமே, அதன் சின்ன நகல் ஒன்றுதான் கிடைத்தது. கலாகாவுக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் ஏதோ ஒரு வேலையில் மும்முரமாக இருக்க வேண்டும். அது யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று முடிவு செய்யாமல் கம்பியைக் கையில் எடுக்காதீர்கள்.

எந்தப் பொருளில் செய்வது?

மெக்சிகோவில் எலும்புருவங்களைப் பல பொருளில் செய்கிறார்கள். மிச்சோகான் மாநிலத்தின் காபூலா ஊரில் களிமண்ணில் ஒல்லியான, உயரமான கத்ரினாக்கள், அதாவது பெரிய தொப்பி அணிந்த சீமாட்டி எலும்புருவங்கள், செய்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஹுவான் தோரெஸ் என்ற கலைஞர் அங்கே தொடங்கி வைத்த வேலை அது. தொலூகா நகரத்தில் சர்க்கரைப் பாகில் செய்த மண்டையோடுகளுக்கென்றே ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது. மரத்தில் கை கால் ஆடும் பொம்மைகள் உண்டு. தலைக்குக் கொண்டைக்கடலையை வைத்துச் செய்த விரல் உயரப் பாதிரியார்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் விளையாட்டுச் சாமானும் உண்டு.

வீட்டில் செய்ய ஏற்றது காகிதம். சூளை வேண்டாம், உளி வேண்டாம். காகிதமும் மாவுப் பசையும் கொண்டு உருவம் செய்யும் இந்தக் கைத்தொழிலுக்கு அங்கே கார்த்தோனெரியா என்று பெயர். செய்பவர் கார்த்தோனேரோ. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மூரில் காகிதப் பொம்மை என்றதும் காகிதத்தை ஊறவைத்து அரைத்த கூழ்தான் நினைவுக்கு வரும். கார்த்தோனெரியாவில் கூழ் அதிகம் வராது. கிழித்த காகிதத் துண்டுகளைப் பசையில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டுவதுதான் முறை. அதனால்தான் ஆள் உயரப் பொம்மையைக்கூட ஒரு கையில் தூக்க முடிகிறது.

கொஞ்சம் கதை, ஏனென்றால் அது கைக்கு உதவும்

அகுவாஸ்காலியென்தெஸ் நகரத்தில் 1852இல் பிறந்த ஹோசே குவாதலூப்பே போசாதா, மெக்சிகோ சிட்டியில் அன்தோனியோ வனேகாஸ் அரோயோவின் அச்சகத்துக்காகப் படம் செதுக்கியவர். மலிவு விலைத் துண்டுத்தாள்களில் அச்சான படங்கள் அவை. குடிகாரர், போர்வீரர், தெருக்கூட்டுபவர், சீமாட்டி என்று எல்லாரையும் எலும்பாக வரைந்தார். பெரிய பூத்தொப்பி அணிந்த அந்தப் புகழ்பெற்ற மண்டையோடு அவருடையதுதான். அவர் அதைத் தோள்வரைதான் செதுக்கியிருந்தார். முழு உடம்பும், நீண்ட கவுனும் கொடுத்தவர் தியேகோ ரிவேரா, 1947இல் முடித்த அலமேதா பூங்கா சுவரோவியத்தில். கத்ரினா என்ற பெயர் நிலைத்ததும் அந்த ஓவியத்துக்குப் பிறகுதான். போசாதா 1913 ஜனவரியில் ஏழையாக இறந்தார். தோலோரெஸ் மயானத்தில் புதைத்தார்கள். உரிமை கேட்டு யாரும் வராததால் பின்னால் எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் சேர்த்துவிட்டார்கள். ஊரையே மண்டையோடாக வரைந்தவரின் மண்டையோடு எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் படித்த பிறகு அவர் படங்களை வேறு மாதிரித்தான் பார்க்க முடிகிறது.

காகிதத்துக்கு வருவோம். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை அன்று யூதாஸ் உருவம் செய்து, வெடி கட்டிக் கொளுத்துவது மெக்சிகோவில் பழைய வழக்கம். அதற்கான உருவங்களைச் செய்தவர்கள்தான் கார்த்தோனேரோக்கள். ஆண்டின் ஒரு பக்கம் யூதாஸ், இன்னொரு பக்கம் எலும்புக்கூடு, நடுவில் முகமூடியும், உள்ளே மிட்டாய் வைத்து அடித்து உடைக்கும் பிறந்தநாள் பின்யாத்தாவும். அவர்களில் பெரிய பெயர் பெத்ரோ லினாரெஸ், 1906 முதல் 1992 வரை வாழ்ந்தவர். 1936இல் நோயில் கிடந்தபோது கனவில் பார்த்ததாகச் சொன்ன வினோத மிருகங்களை, அலெப்ரிஹேக்களை, உருவாக்கியவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் போசாதா தாளில் வரைந்த எலும்பு மனிதர்களை எழுப்பி நிற்கவைத்ததும் அவரும் அவர் பிள்ளைகளும்தான். அவருக்கு 1990இல் மெக்சிகோவின் தேசியப் பரிசு கிடைத்தது.

மெக்சிகோ சிட்டியின் கொயோகான் பகுதியில், ஓவியர் ஃபிரீடா காலோவின் நீல வீட்டில், அவர் கட்டிலின் விதானத்துக்கு மேலே ஒரு காகித எலும்புக்கூடு இருந்தது. 1940இல் வரைந்த ஓர் ஓவியத்தில் அதையும் வரைந்திருக்கிறார். கீழே அவர் தூங்குகிறார். மேலே அதுவும் அதேபோலத் தலையணையில் தலைவைத்துப் படுத்திருக்கிறது, கையில் பூங்கொத்து, காலைச் சுற்றி வெடி. வெடி ஏன் என்று இப்போது புரியும்: அது யூதாஸ் செய்யும் கைகளில் இருந்து வந்த பொம்மை.

இந்தக் கதை கைக்கு என்ன உதவி செய்கிறது? கொளுத்துவதற்காகவே செய்த பொம்மைகளிலிருந்து வளர்ந்த தொழில் இது. வேகமாக, மலிவாக, தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரியும்படி செய்ய வேண்டியிருந்தது. அதனால் நுணுக்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அந்தக் கைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இறந்தோர் நாள் என்பது நவம்பர் 1, 2. முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, அடுத்த நாள் பெரியவர்களுக்கு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவத்தியும் பூவும் கொண்டுபோவதும் அதே நவம்பர் 2தான். மெக்சிகோவில் இறந்தவர்கள் அன்று வீட்டுக்கு விருந்தாளிகளாக வருகிறார்கள் என்பது நம்பிக்கை. ஆகவே பொம்மை யாரையும் பயமுறுத்த வந்தது அல்ல. ரத்தம், கோரைப்பல், கொம்பு, கையில் அரிவாள் எதுவும் வேண்டாம். சான்தா முயெர்த்தே என்று அரிவாளோடு நிற்கும் எலும்புருவம் ஒன்று உண்டு. அது தனி வழிபாடு, அதற்கும் கலாகாவுக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் பொம்மைக்கு நான் பரிந்துரைப்பது, பெட்டிமேல் உட்கார்ந்து கிதார் வாசித்தபடி பாடும் ஆள். உட்கார்ந்த உருவம் சாயாது. இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. வாய் திறந்திருக்கும். மூன்றும் சேர்ந்தால் பாதி உயிர் வந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

பழைய நியூஸ்பேப்பர் ஒரு கட்டு, பிரவுன் பேப்பர் நான்கைந்து தாள், ஒரு அட்டைப்பெட்டி. முதுகுக்கும் காலுக்கும் 14 கேஜ் இரும்புக் கம்பி; விரல்களுக்கும் கட்டுவதற்கும் மெல்லிய கட்டுக்கம்பி. மெக்சிகோவில் பெரிய உருவங்களுக்குக் காரீசோ என்ற நாணல் வகையைச் சட்டமாகக் கட்டுவார்கள். நாம் செய்யப்போகிற அளவுக்குக் கம்பி போதும். மைதா, வினிகர், கொஞ்சம் களிமண், வாசலைன். வெள்ளை அடிக்க ஒயிட்டிங் பவுடரும் (சாக் பொடி) பெவிகாலும். அக்ரிலிக் பெயின்டில் வெள்ளை, கறுப்பு, அப்புறம் பிடித்த மூன்று நிறம். உப்புத்தாள், நூல், இரண்டு பிரஷ். அவ்வளவுதான்.

பசை காய்ச்சுவது

மெக்சிகோவில் எங்ரூதோ என்பது வேறொன்றுமில்லை, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற பசையேதான். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். முதலில் பால்போல இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டி கனக்கும். அப்புறம் நிறம் மாறும்: வெள்ளை போய், கஞ்சி ஆறும்போது வருமே, அந்த மங்கலான கண்ணாடித் தன்மை வரும். அதுதான் இறக்கும் பதம். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவு நெருடக் கூடாது, வழுக்க வேண்டும்.

ஆறியதும் இரண்டு ஸ்பூன் வினிகர். பூச்சி, பூஞ்சை வராமல் இருக்க இது போதும். புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி கிட்டவே வராது. ஆனால் அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில், கையாலேயே பசையைத் தடவும் வேலையில், அது வேண்டாம். காய்ச்சிய பசை இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கும்; புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.

கம்பிச் சட்டம்: இங்கேதான் பொம்மை பிறக்கிறது

நிமிர்ந்து நின்றால் 45 செ.மீ. வருகிற ஆளைச் செய்வோம். தலை 9 செ.மீ., கழுத்து 2, முதுகுத்தண்டு 14, தொடை 10, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 10. மேல்கை 8, முன்கை 7, உள்ளங்கையும் விரலுமாக 4. தோளின் அகலம் 10, இடுப்பு 7. உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தலை. நிஜ மனிதரைவிட இது மிகப் பெரிய தலை. இந்தப் பொம்மையில் முகம் தூரத்திலிருந்தே பேச வேண்டும், அதற்காக.

தலை முதல் இடுப்பு வரை ஒரு கம்பி. இடுப்பில் குறுக்கே கட்டி இரு காலுக்கும் ஒரே நீளக் கம்பி, தோளில் குறுக்கே கட்டி இரு கைக்கும் ஒரே நீளக் கம்பி. மூட்டுகளைக் கட்டுக்கம்பியால் எட்டுப் போட்டு இறுக்குங்கள். பாதத்துக்கு 4 செ.மீ. முன்னால் மடக்கி விடுங்கள். அட்டையில் 10 செ.மீ. உயரப் பெட்டி ஒன்று செய்து அதன்மேல் உட்கார வையுங்கள். கிதாரையும் இப்போதே அட்டையில் வெட்டி மடியில் வைத்துவிடுங்கள். பின்னால் செய்து சேர்க்கலாம் என்று விட்டால் கை ஒருபோதும் பொருந்தாது.

சரி, இப்போது அவசரப்படாதீர்கள். இந்தக் கட்டத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தாலும் தகும். பாடுகிற ஒருவர் எப்படி உட்காருவார் என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். இடது தோள் கொஞ்சம் உயரும். முதுகு கிதார்மேல் வளையும். தலை மட்டும் பின்னால் சாய்ந்து மேலே பார்க்கும். ஒரு கால் முன்னால், மற்றது பெட்டியோடு ஒட்டி, அதன் குதிகால் தாளத்துக்குத் தூக்கியபடி. முதுகுக் கம்பியை நேராக விட்டால் கணக்குப்பிள்ளை உட்கார்ந்த மாதிரி இருக்கும். வளைத்ததும் பாட்டு வந்துவிடும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் சட்டத்தின் நிழலைச் சுவரில் விழ வையுங்கள். விஷயம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, இது என்ன செய்கிறது என்று கேளுங்கள். வெறும் கம்பி நிழலைப் பார்த்தே பதில் வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். வராவிட்டால் மறுபடி வளையுங்கள். காகிதம் ஏறிய பிறகு எதையும் திருத்த முடியாது.

மண்டையோடு

கார்த்தோனேரோக்கள் தலைக்கும் முகமூடிக்கும் அச்சு வைத்திருப்பார்கள். அதன்மேல் எண்ணெய்ப் பசை தடவி, காகிதம் அடுக்கி, காய்ந்ததும் உரித்து எடுப்பார்கள். நாமும் களிமண்ணில் ஓர் அச்சு செய்துகொள்வோம். கோழிமுட்டையைப் பின்பக்கம் அகலமாகப் படுக்க வைத்தது போன்ற உருண்டை. முன்பக்கம் இரண்டு கட்டைவிரலையும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள்: கண்குழி. இரண்டையும் தனித்தனியாக அழுத்தினால் ஒன்று மேலே ஒன்று கீழே போய்விடும். மூக்குக்கு, வெற்றிலையைத் தலைகீழாகப் பிடித்த வடிவில் ஒரு சின்னக் குழி. கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பு மேடாக நிற்க வேண்டும், அதற்கும் கீழே சட்டென்று உள்வாங்க வேண்டும். மண்டையோட்டின் சிரிப்பு பல்லில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கன்ன மேட்டில்தான் இருக்கிறது.

வாசலைன் தாராளமாகத் தடவுங்கள். காகிதத்தை வெட்டாதீர்கள், கிழியுங்கள். கத்தரித்த ஓரம் வெள்ளை அடித்த பிறகும் கோடாகத் தெரியும். கிழித்த ஓரம் நார்நாராகப் பிரிந்து அடுத்த துண்டோடு கலந்துவிடும். நியூஸ்பேப்பரை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகும். தலைக்குக் கட்டைவிரல் அகலத் துண்டுகள் போதும். துண்டின் இரண்டு பக்கமும் பசை தடவி, இரண்டு விரலுக்கு நடுவில் வழித்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி ஒட்டுங்கள். முதல் அடுக்கு நியூஸ்பேப்பர், அடுத்தது பிரவுன் பேப்பர், மறுபடி நியூஸ்பேப்பர். நிறம் மாறிவருவதால் எங்கே விட்டுப்போயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். மொத்தம் ஐந்து அடுக்கு. கண்குழிக்குள் ஒவ்வோர் அடுக்கையும் பென்சிலின் பின்முனையால் அழுத்தி உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் காகிதம் குழிக்குமேல் பந்தல் போட்டுக்கொள்ளும்.

நிழலில், காற்றோட்டமாக, இரண்டு மூன்று நாள் காயட்டும். தட்டினால் மொடமொடவென்று சத்தம் வந்ததும், காதுக்குக் காது பின்மண்டை வழியாக பிளேடால் கீறி, இரண்டாகக் கழற்றி, களிமண்ணை எடுத்துவிட்டு, பிரவுன் பேப்பர் துண்டுகளால் மறுபடி ஒட்டுங்கள். கையில் எடுத்துப் பாருங்கள். ஓட்டை மட்டும் வைத்துவிட்டு உள்ளே இருந்ததை உறிஞ்சிவிட்ட முட்டைபோல, கனமே இருக்காது. தலை பெரிதாக இருந்தும் பொம்மை கவிழாமல் உட்காருவது இந்த வெற்றிடத்தால்தான்.

கீழ்த்தாடை தனி. லாடம்போல வளைத்த அட்டைப்பட்டைக்கு மூன்று அடுக்குக் காகிதம். அதை மண்டையின் இருபுறமும் காதுக்குக் கீழே ஒட்டுங்கள். மேல் பல் வரிசைக்கும் கீழ் பல் வரிசைக்கும் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி. அதற்கு மேல் திறந்தால் கத்துகிற மாதிரி ஆகிவிடும்.

விலா, இடுப்பு, கை கால்

மனிதருக்கு விலா 12 ஜோடி. கலாகாவுக்கு ஆறு ஜோடி போதும். பன்னிரண்டும் வைத்தால் சீப்புபோலத் தெரியும். பிரவுன் பேப்பரை 4 செ.மீ. அகலத்தில் கிழித்து, பசை தடவி, மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டினால் உறுதியான குச்சி கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே உங்கள் கட்டைவிரலைச் சுற்றி வளைத்துவிடுங்கள். முதுகில் முதலில் ஒட்டி, பக்கவாட்டில் கீழ்நோக்கி இறக்கி, முன்னால் நெஞ்சு எலும்பில் சேருங்கள். இந்தச் சரிவு முக்கியம். விலாக்கள் தரைக்கு நேர்கோடாக நின்றால் அலமாரித் தட்டு, சரிந்து இறங்கினால் மூச்சு. மேலிருந்து நான்காவது ஜோடி வரை அகலம் கூடட்டும், அப்புறம் குறையட்டும்.

இடுப்புக்கு வண்ணத்துப்பூச்சி வடிவில் அட்டை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, லேசாக முன்னால் குழித்து ஒட்டினால் போதும். யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை.

கை கால் எலும்புக்குக் கம்பிமேல் காகிதத்தை இறுக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் மெலிவு, இரு முனையிலும் புடைப்பு. மூட்டுகளில் பட்டாணி அளவு காகித உருண்டை இரண்டிரண்டாக வைத்துச் சுற்றினால் எலும்பின் குமிழ் வந்துவிடும். முன்கையிலும் கணுக்காலுக்கு மேலும் இரட்டை எலும்பு என்பதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டாம். பிறகு ஒரு கறுப்புக் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

விரல்களில் மட்டும் பொறுமை காட்டுங்கள். ஐந்து கட்டுக்கம்பி, ஒவ்வொன்றிலும் அரை செ.மீ. அகலக் காகிதம் இரண்டு சுற்று. கொஞ்சம் காய்ந்ததும் கிதார்மேல் வைத்து வளையுங்கள். இடதுகையில் மூன்று விரல் தந்தியை அழுத்த, சுண்டுவிரல் மட்டும் காற்றில் நிற்கட்டும். வலதுகை தந்திமேல் தொங்கட்டும், தொடாமல், இப்போதுதான் மீட்டி எடுத்ததுபோல.

ஓர் எச்சரிக்கை. ஒரே நாளில் நான்கைந்து அடுக்கு ஏற்றி முடித்துவிடலாம் என்று தோன்றும். சின்னத் தலைக்கு அது தாங்கும். கம்பிமேல் இறுக்கிச் சுற்றிய இடங்களுக்குத் தாங்காது. மழைக்காலத்தில் ஒருமுறை, உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே மேலே சுற்றினேன். வெளியே காய்ந்த மாதிரிதான் இருந்தது. பத்து நாள் கழித்துத் தோளில் கறுப்புப் புள்ளி வந்தது, அப்புறம் வாடை. மூன்று வார வேலை, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். இரண்டு அடுக்கு, ஒரு நாள் இடைவெளி, மறுபடி இரண்டு அடுக்கு. மழை நாளில் ஃபேனுக்குக் கீழே வையுங்கள். கடும் வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

வெள்ளை

பழைய கார்த்தோனேரோக்கள் சுண்ணாம்புப் பொடியை மிருக வஜ்ஜிரப் பசையில் கலந்து அடித்தார்கள். நாம் ஒயிட்டிங் பவுடர் மூன்று ஸ்பூன், பெவிகால் ஒரு ஸ்பூன், தண்ணீர் விட்டுத் தோசைமாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கலக்கலாம். இரண்டு கோட். முதல் கோட் காய்ந்ததும் மண்டையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். விலாவையும் கையையும் தேய்க்காதீர்கள், காகிதச் சுருளின் வரி தெரிவதுதான் அழகு. இரண்டாவது கோட்டுக்கு மேல் வெள்ளைப் பெயின்டில் துளி மஞ்சள் கலந்து அடியுங்கள். சுத்த வெள்ளை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

முகம் எழுதுவது

இந்த வேலைக்குக் காலை வெளிச்சத்தில் உட்காருங்கள். கண்குழி முழுக்கக் கறுப்பு. விளிம்பில் பிரஷைத் தண்ணீரில் தொட்டு மெல்லக் கரைத்து விடுங்கள், குழி இன்னும் ஆழமாகும். மூக்குக்கும் அப்படியே.

பல்லுக்குச் சின்ன பிரஷ். பலர் வாயின் ஒரு மூலையில் தொடங்கிக் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். மறு மூலைக்கு வரும்போது இடம் போதாமல் பல் நெருங்கிவிடும். நடுவில் தொடங்குங்கள். மூக்குக்கு நேர்கீழே ஒரு செங்குத்துக் கோடு. அதன் இரு பக்கமும் அகலமான முன்பல் ஒவ்வொன்று, அப்புறம் கடைவாயை நோக்கிப் போகப் போக ஒடுக்கம். கோடு பல்லோடு நிற்கக் கூடாது, மேலே ஈறு இருந்த இடத்துக்குள் மெலிந்து மறைய வேண்டும். பல்லின் வேர் எலும்புக்குள் போவது அந்த மெலிவில்தான் தெரியும். கை நடுங்கிக் கோடு வளைந்தால் அழிக்காதீர்கள். நேர்ப்பல்லைவிடக் கொஞ்சம் கோணிய பல் அந்த ஆளுக்கு ஒரு குணம் கொடுக்கும். திறந்த வாயின் உள்பக்கம் கறுப்பு.

அலங்காரம் உங்கள் இஷ்டம். நெற்றியில் பூ, கன்னத்தில் புள்ளி வரிசை, தாடையில் சுருள். பூ என்றால் செம்பாசூச்சில் வரையுங்கள். வேறொன்றும் இல்லை, நம் செண்டுமல்லிதான். அதன் தாயகமே மெக்சிகோ, அங்கிருந்துதான் உலகெங்கும் போனது. இறந்தவர்களுக்கு வீட்டு வழி காட்டுவது அந்தப் பூவின் மஞ்சளும் வாசமும்தான் என்பார்கள். நான் பாட்டுக்காரருக்குத் தாடை ஓரத்தில் நான்கு புள்ளிகளோடு நிறுத்திக்கொள்வேன். முகம் முழுக்கப் பூ எழுதினால் வாய் மறைந்துவிடும், பாட்டும் போய்விடும்.

உடை, தொப்பி, தந்தி

உடையைக் குறையுங்கள். கழுத்தில் சிவப்புக் காகித முடிச்சு, முன்னால் திறந்த குட்டையான கறுப்பு மேல்சட்டை, அகலத் தொப்பி. விலா தெரிய வேண்டும். தொப்பிக்கு 16 செ.மீ. வட்ட அட்டை, நடுவில் கூம்பு, விளிம்பை ஈரமாக்கி மேலே வளைத்து இரண்டு அடுக்குக் காகிதம். தலை பின்னால் சாய்ந்திருப்பதால் தொப்பி முன்னேறி நின்றால் முகம் இருட்டாகிவிடும். பின்மண்டையில் ஏற்றி வையுங்கள்.

எல்லாம் காய்ந்ததும் தண்ணீரில் கரையும் வகை மேட் வார்னிஷ் ஒரு கோட். மரத்துக்கு அடிக்கிற எண்ணெய் வார்னிஷ் வெள்ளையை நாளாக ஆக மஞ்சளாக்கும்.

கிதார்த் தந்திகளை வார்னிஷுக்கு அப்புறம் கட்டுங்கள், இல்லாவிட்டால் நூல் விறைத்துவிடும். ஆறு நூல். ஒவ்வொன்றையும் தலைப்பக்கம் முடிந்து, இடதுகை விரல்களுக்கு அடியில் விட்டு, இழுத்துக் கீழே ஒட்டுங்கள்.

பெயரும் இடமும்

சர்க்கரை மண்டையோடுகளின் நெற்றியில் பெயர் எழுதுவது மெக்சிகோவில் வழக்கம். இறந்தவர் பெயர் மட்டும் இல்லை, உயிரோடு இருக்கும் நண்பரின் பெயரை எழுதி அவருக்கே கொடுப்பார்கள். அது அன்பின் அடையாளம், வாங்குகிறவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். அதேபோல, உயிரோடு இருப்பவர்களை இறந்துவிட்டதாகப் பாவித்து நாலு வரி விளையாட்டுப் பாட்டு எழுதுவதும் உண்டு. அதற்கும் கலாவெரா என்றுதான் பெயர். உங்கள் பாட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் பக்கவாட்டில் அப்படி நாலு வரி எழுத இடம் இருக்கிறது.

வைக்கும் இடத்தில் ஈரம் வேண்டாம். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எடுத்து வைக்கும் காலத்தில் அட்டைப்பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலை போட்டு, தலையைத் துணியில் சுற்றி வையுங்கள். தூசியை உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டுங்கள்.

மெக்சிகோவின் வீடுகளில் ஒஃப்ரெண்டா என்ற படையல் மேசையில் இறந்தவரின் போட்டோ, மெழுகுவத்தி, உப்பு, ரொட்டி, அவருக்குப் பிடித்த சாப்பாடு, செண்டுமல்லி எல்லாம் இருக்கும். கலாகாவை அங்கே வைக்கலாம், கூடத்து அலமாரியிலும் வைக்கலாம், இரண்டும் அங்கே நடக்கிறதுதான். படையலில் வைப்பதானால் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க மறக்காதீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவருக்குத் தாகமாக இருக்கும் என்று அங்கே சொல்கிறார்கள்.